தக்கையைத் தள்ளிய எண்ணெய்

கும்பகோணத்திலிருந்து சோழபுரம், திருப்பனந்தாள் வழியாக அணைக்கரைக்குச் செல்லும் சாலையில் ஒரு பழைய புல்லட் வருகிறதென்றால், அது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். அந்த ஒலியை வைத்தே வருவது 350 சி.சி. வண்டியா, 500 சி.சி. வண்டியா என்று சொல்லிவிடும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பெர்னௌலி தேற்றத்தைக் கேட்டால் விழிப்பவர்களும் அவர்களேதாம்.

எங்கள் பக்கத்தில் பழைய புல்லட்டுகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. தாத்தா காலத்தில் வாங்கி, மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்த வண்டியைப் பேரன் வெளியே இழுத்துப் புதுப்பிக்கிறான். புதுப்பித்த பிறகு அவனுக்கு மனம் அடங்குவதில்லை. வேகம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறான். ஆகவே 350 சி.சி. இன்ஜினின் கிராங்க் கேஸ் வாயை லேத்தில் கடைந்து அகலமாக்கி, அதன்மேல் 500 சி.சி. சிலிண்டரையும் பிஸ்டனையும் ஏற்றுகிறார்கள். சில வாரங்கள் வண்டி பறக்கிறது. பிறகு இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து ஒரு தட்டல் கேட்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஒருநாள் இன்ஜின் இறுகி நின்றுவிடும். வேகமாக ஓடும்போது இறுகினால் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்போது நஷ்டம் பணத்தோடு நிற்காது.

பிரித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடின் கீழ்க்கண் கருகியிருக்கும். பட்டறை மொழியில் இதற்குப் 'பிக் எண்டு' என்று பெயர். "ஆயில் பிரஷர் பத்தலை சார், அதான் புஷ் எரிஞ்சிபோச்சு" என்பார்கள். உடனே ஒரு பிரஷர் மீட்டர் பொருத்துவார்கள். பெரிய பம்பு ஒன்றைத் தேடிப் போவார்கள். சிலருக்குக் குணமாகிறது. சிலருக்கோ மீட்டர் முள் கம்பீரமாக நிற்கும்போதே புஷ் மறுபடியும் கருகுகிறது.

வாசகர்களே, இந்த இரண்டாவது கூட்டத்தாரின் அனுபவம்தான் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். எண்ணெயின் அழுத்தம் என்கிறோமே, அது இன்ஜினுக்குள் உண்மையில் என்ன வேலை செய்கிறது? பிஸ்டன் வந்து அறையும் அடியைத் தாங்குவது பம்பு தரும் அழுத்தம்தானா? இந்தக் கேள்விக்கான விடை 1883ஆம் ஆண்டு லண்டனில் ஒரு தக்கையின் மூலம் கிடைத்தது.

டவரின் துளை

சுழலும் அச்சுக்கு எண்ணெய் இட வேண்டும் என்பதை மனிதன் சக்கரம் செய்த காலத்திலேயே தெரிந்துகொண்டான். நம் ஊர் மாட்டு வண்டிக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகு இடுவார்கள். குடத்துக்கும் இருசுக்கும் நடுவே அந்தக் கறுப்பு மசகு இல்லாவிட்டால் வண்டி கத்திக்கொண்டே போகும். ஆனால் எண்ணெய் எப்படி உராய்வைக் குறைக்கிறது என்று கேட்டால், 'வழுவழுப்பாக இருப்பதால்' என்பதற்கு மேல் ஒருவரும் விடை சொன்னதில்லை. பல டன் எடையுள்ள ரயில் இன்ஜின்களைச் செய்தவர்களும் அதற்கு மேல் அறிந்திருக்கவில்லை.

லண்டனிலுள்ள இயந்திரப் பொறியாளர் கழகம் உராய்வைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்திருந்தது. அதற்காகச் சோதனைகள் செய்தவர் போஷாம் டவர் என்னும் பொறியாளர். ரயில் பெட்டியின் அச்சைப் போன்ற 4 அங்குல விட்டமுள்ள ஓர் உருளைத் தண்டைக் கிடையாக வைத்துச் சுழலச் செய்தார். அதன் மேற்பாதியை ஒரு பித்தளைத் தாங்கி கவிழ்ந்து மூடியிருந்தது. அந்தத் தாங்கியின்மீது பளு ஏற்றினார். தண்டின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் நனைந்துகொண்டிருந்தது. உராய்வு மிகவும் குறைவாக இருந்தது. அதில் வியப்பு ஒன்றுமில்லை.

அக்கால வழக்கப்படி தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக அரை அங்குலத் துளை ஒன்றைப் போட்டார் டவர். தண்டைச் சுழலவிட்டதும் எதிர்பாராதது நடந்தது. எண்ணெய் உள்ளே போக வேண்டிய துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. தாங்கியெல்லாம் ஒரே எண்ணெய். துளையை ஒரு தக்கையால் அடைத்தார். எண்ணெய் தக்கையை மெல்ல வெளியே தள்ளியது. மரமுளை ஒன்றை அடித்தார். அதுவும் வெளியே வந்தது. இதற்குமேல் அடைப்பதை விட்டு அளப்பதே நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். ஓர் அழுத்தமானியைக் கொண்டுவந்து அந்தத் துளையில் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்த மானியின் முள் எல்லையையும் தாண்டிப் போயிற்று. அவர் ஏற்றியிருந்த பளுவோ, தாங்கியின் பரப்பில் பரப்பிப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இங்கே சற்று நிறுத்திக் கவனியுங்கள். டவரின் கருவியில் பம்பு என்று ஒன்றும் கிடையாது. எண்ணெய் சாதாரணத் தொட்டியில் சும்மா கிடந்தது. அப்படியானால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது?

அதை விளக்கியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். குழாயில் நீர் எப்போது ஒழுங்காக ஓடும், எப்போது சுழித்துக் கலங்கும் என்று காட்டும் 'ரெனால்ட்ஸ் எண்' பாடப் புத்தகத்தில் வருகிறதே, அவரேதாம். 1886இல் வெளிவந்த கட்டுரையில் அவர் சொன்னது இது: தண்டு துளையின் நட்டநடுவில் சுழல்வதில்லை, பளுவின் காரணமாகச் சற்று ஒதுங்கிச் சுழல்கிறது. ஆகவே தண்டுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், ஓர் ஆப்பைப் போல அமைகிறது. எண்ணெய்க்குப் பாகுநிலை உண்டு. அது தண்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு தண்டோடு சேர்ந்து இழுபட்டு, அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்தை நோக்கி ஓடுகிறது. குறுகிய சந்துக்குள் நெருக்கப்படும் எண்ணெய் தப்பிப் போக நேரமில்லாமல் தன்மேல் அழுத்தும் பரப்பை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பே பளுவைத் தூக்கி நிறுத்துகிறது. மழைநீர் தேங்கிய தார்ச்சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் சில வேளைகளில் தரையை விட்டு நீரின்மேல் ஏறி வழுக்குவதும் இதே விதியால்தான்.

ஆக, தண்டு தன் சுழற்சியாலேயே தனக்கு வேண்டிய அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அது மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

ஒரு சின்னக் கணக்கு

இதைப் புல்லட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் வீச்சு 90 மி.மீ. பிஸ்டனின் முகப்பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர செ.மீ. பெட்ரோல் ஆவி எரியும் உச்ச நேரத்தில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன்மீது விழும் விசை சுமார் 1,350 கிலோ எடைக்குச் சமம். அதாவது ஒன்றேகால் டன்னுக்கு மேல். அது கனெக்டிங் ராடின் வழியாகக் கீழே இறங்கிக் கிராங்க் பின்மேல் விழுகிறது.

கிராங்க் பின்னை அணைத்திருக்கும் புஷ்ஷின் பயன்படும் பரப்பு, கணக்குக்காகப் பத்துச் சதுர செ.மீ. என்று கொள்ளுங்கள். பம்பு தரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்றால், அது தாங்கக்கூடியது பத்துக் கிலோ. மூன்று கிலோ அழுத்தமானாலும் முப்பதுதான். ஒன்றேகால் டன் எங்கே, முப்பது கிலோ எங்கே! மிச்சப் பளு முழுவதையும் தாங்குவது டவர் கண்ட, ரெனால்ட்ஸ் விளக்கிய ஆப்புப் படலம். 'பிரஷர் பத்தலை' என்று நாம் சொல்லும்போது, மானி காட்டும் அழுத்தத்தையும் படலத்துக்குள் எழும் அழுத்தத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். என் கருத்தில் குழப்பத்தின் வேர் இதுதான்.

அப்படியானால் பம்பு எதற்கு? படலத்திலுள்ள எண்ணெய் புஷ்ஷின் இரு விளிம்புகளிலும் ஓயாமல் கசிந்து வெளியேறுகிறது. போவதை ஈடுகட்ட வேண்டும். படலத்துக்குள் உராய்வினால் பிறக்கும் வெப்பத்தையும் அந்த எண்ணெய்தான் சுமந்து கொண்டுபோக வேண்டும். ஆகவே பம்பின் வேலை எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு அழுத்தம்?' என்பதைவிட 'நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய் போய்ச் சேர்ந்தது?' என்பதே.

காவிரிப் படுகையில் இருக்கும் நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தலைமதகில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது ஒரு செய்தி. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது வேறு செய்தி. வாய்க்காலின் நடுவே கரை உடைந்திருந்தால் தலையில் எவ்வளவு திறந்துவிட்டும் கடைமடை வயல் காயும். வாய்க்கால் தூர்ந்து அடைபட்டிருந்தால் தலைமதகில் தண்ணீர் ஏறி நிற்கும்; கடைமடை அப்போதும் காயும். பிரஷர் மீட்டர் தலைமதகின் அளவுகோல். பிக் எண்டு கடைமடை.

கைப்பம்பு முதல் திருவொற்றியூர் வரை

மோட்டார் சைக்கிள் பிறந்த புதிதில் எண்ணெய் விடுவது ஓட்டுபவரின் பொறுப்பு. டாங்கின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும். சில மைல்களுக்கு ஒருமுறை அதை அமுக்கிக் கிராங்க் கேஸுக்குள் எண்ணெய் விட வேண்டும். அது சிதறி எல்லா உறுப்புகளையும் நனைத்துவிட்டு, பாதி எரிந்தும் பாதி ஒழுகியும் போய்விடும். மறந்தால் இன்ஜின் இறுகும். அதிகம் விட்டால் புகை கக்கும். எண்ணெயைத் திரும்ப எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அப்போது பெரிய முன்னேற்றம். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் முதல் உலகப் போருக்கு முன்பே, 1913ஐ ஒட்டி, கண்ணாடியாலான எண்ணெய்க் கலத்தோடு அத்தகைய சுற்றோட்ட ஏற்பாட்டைத் தன் வண்டியில் வைத்தது. நம் ஊர்களில் பின்னாளில் ஓடிய ஜாவா, ராஜ்தூத் வண்டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவை இரண்டு வீச்சு இன்ஜின்கள். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றிவிட்டால் போதும்.

'புல்லட்' என்ற பெயரை ராயல் என்ஃபீல்டு முதலில் சூட்டியது 1932இல். இந்தியாவுக்கு வந்த வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. ரெட்டிச் நிறுவனமும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956ஆம் ஆண்டின் முடிவுக்குள் உருவானவை 163 வண்டிகள் மட்டுமே. படிப்படியாக உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டன, கடையப்பட்டன. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சோறு போன கதை.

இப்படித் தொடர்ந்ததால் ஒரு விளைவு உண்டு. 1940களின் இறுதியில் வரையப்பட்ட எண்ணெய் ஏற்பாடு, அதிக மாற்றமின்றி இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை நம் சாலைகளில் ஓடியது. எழுபது மைல் வேகமே பெரிது என்றிருந்த காலத்தின் திட்டம் அது. அது மட்டமானது என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. உள்ளே இருக்கும் இயற்பியலைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

புல்லட்டின் எண்ணெய் டாங்க் தனியே வெளியில் தொங்குவதில்லை; கிராங்க் கேஸோடு ஒன்றாக வார்க்கப்பட்ட ஓர் அறை அது. டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள். கிராங்க் தண்டின் முனையிலுள்ள புரிப்பல் ஒன்று ஒரு குறுந்தண்டை மெதுவாகச் சுழற்ற, அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு உலக்கைகள் முன்னும் பின்னும் அசைகின்றன. உலக்கையைத் தாங்கிய வட்டத்தகடு ஊசலாடும்போது துளைகள் திறந்து மூடுகின்றன. வேறு வால்வு தேவையில்லை. ஒரு பம்பு எண்ணெயைத் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. மற்றொன்று கிராங்க் கேஸின் அடியில் வடிந்ததை டாங்குக்கு இறைக்கிறது. இறைக்கும் பம்புக்குக் கொள்ளளவு அதிகம். இல்லாவிட்டால் கிராங்க் கேஸ் எண்ணெயால் நிரம்பிவிடும்.

டைமிங் கவரில் ஒரு ஃபெல்ட் வடிகட்டியைக் கடந்து வரும் எண்ணெய், கிராங்க் தண்டின் முனையில் நட்டநடுவே உள்ள துளைக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஃபிளைவீலுக்குள் துளைத்த பாதை வழியாகக் கிராங்க் பின்னுக்குப் போகிறது. இந்த 'நட்டநடுவே' என்பதில்தான் சூட்சுமம். மையத்துக்கும் கிராங்க் பின்னுக்கும் உள்ள தூரம் வீச்சில் பாதி, அதாவது 45 மி.மீ. நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் கிராங்க் பின் வினாடிக்கு 23.6 மீட்டர் வேகத்தில் வட்டமிடுகிறது. பாதையிலுள்ள எண்ணெயை மைய விலக்கு விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. அதனால் பிறக்கும் அழுத்தம் எண்ணெயின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி அதில் பாதி. மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வரும். கிராங்க் தானே ஒரு பம்பாகிவிடுகிறது! வெளியே மானியில் அழுத்தம் குறைவாகத் தெரிந்தும் புல்லட்கள் பல்லாண்டு ஓடியதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒரு நிபந்தனை: மையத்துக்கு எண்ணெய் இடையறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் காற்று புகுந்தால் எறிவதற்கு எண்ணெய் இருக்காது.

நிற்கும் டைமிங் கவரிலிருந்து சுழலும் தண்டின் முனைக்குள் எண்ணெய் கசியாமல் நுழைய வேண்டுமே, அதற்கு என்ன ஏற்பாடு? பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு தக்கை வளையம். தண்டின் முனையிலுள்ள மூக்கு அந்தத் தக்கைக்குள் நுழைந்து சுழலும். டவரின் எண்ணெய் தள்ளிய அதே பொருள், எழுபது ஆண்டுகளுக்குப் பின் புல்லட்டின் உயிர்நாடியில் காவலுக்கு நின்றது. தக்கை காய்ந்து சுருங்கினாலோ, பூட்டும்போது மூக்கில் இடித்துக் கிழிந்தாலோ, பம்பு அனுப்பும் எண்ணெயில் பெரும் பகுதி டைமிங் அறையில் கொட்டிவிடும். இதுதான் நம் வாய்க்காலின் கரை உடைப்பு. வெளியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். சிலிண்டர் தலைக்கு ஏறும் மெல்லிய குழாயின் நட்டைத் தளர்த்தி, "மேலே எண்ணெய் வருது சார், ஒண்ணும் கோளாறு இல்லை" என்று தேறுதல் சொல்லும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். மேலே வருவது கீழே போனதற்குச் சாட்சி ஆகாது.

1.44 என்னும் எண்

இனி 500 சி.சி. மாற்றத்துக்கு வருவோம். 500 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 84 மி.மீ.; வீச்சு அதே 90 மி.மீ. விட்டம் 70இலிருந்து 84 ஆனால் 1.2 மடங்கு, பரப்பு அதன் இருமடி, 1.44 மடங்கு. 1,350 கிலோ விசை 1,940 கிலோ ஆகிவிட்டது. இதோடு நிற்காமல் பேரன் 5,000 சுற்றில் ஓடிய இன்ஜினை 6,000 சுற்றுக்கு விரட்டுகிறான். அதுவும் 1.2 மடங்கு. பிஸ்டனும் ராடும் மேலும் கீழும் திரும்புவதால் எழும் நிலைம விசை வேகத்தின் இருமடியில் ஏறும், அங்கும் 1.44. பிஸ்டன் கனமாகியிருப்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். 87 மி.மீ. பிஸ்டன் போட்டு 535 சி.சி. ஆக்கியவர்களும் உண்டு, 1990களின் பிற்பகுதியில் கம்பெனியே 'லைட்னிங்' என்ற பெயரில் அப்படி ஒரு வண்டி விற்றது. அதற்குப் பரப்பு மட்டும் 1.54 மடங்கு.

பளு கூடினால் படலம் மெலிகிறது; வெப்பம் கூடுகிறது. வெப்பம் கூடினால் எண்ணெயின் பாகுநிலை குறைகிறது. பழைய 40ஆம் எண் எண்ணெயை எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் இருந்த பாகுநிலை 100 டிகிரியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். பாகுநிலை குறைந்தால் படலம் இன்னும் மெலியும். இந்தச் சக்கரத்தை உடைக்கக் கூடியது புதிதாக வந்து சேரும் எண்ணெய் ஒன்றே.

இதே நேரத்தில் கசிவின் கணக்கையும் பாருங்கள். மெல்லிய குழாயில் திரவம் ஓடும் விதியை 1840களில் வகுத்த புவாஸேய் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மருத்துவர்; இரத்த நாளங்களைப் புரிந்துகொள்ளவே அதை ஆராய்ந்தார். குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்மடிக்கு ஏற்றபடி கூடும். தட்டையான இடுக்காக இருந்தால் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! நாற்பது ஆண்டு ஓடிய கிராங்க்கின்மேல் புதுச் சிலிண்டரை ஏற்றுகிறவர்கள் இந்த எட்டை நினைத்துப் பார்ப்பதில்லை.

மானியின் முள்ளும் இப்போது புரியும். பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எண்ணெயைத் தள்ளுகிறது. மின்சுற்றில் மாறாத மின்னோட்டம் தரும் மூலத்தைப் போல. மானி காட்டும் அழுத்தம், ஓட்டத்தையும் பாதையின் தடையையும் பெருக்கி வருவது. ஓமின் விதியேதான். காலையில் எண்ணெய் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்போது தடை அதிகம், முள் ஏறுகிறது. சூடானதும் இறங்குகிறது. கிராங்க் பாதையில் பழைய எண்ணெயின் வண்டல் படிந்து அடைத்துக்கொண்டாலும் தடை அதிகம். முள் அப்போதும் ஏறும்! மீட்டர் கம்பீரமாக நிற்கப் புஷ் கருகிய கதை இதுவே. மைய விலக்கு விசை எண்ணெயை மட்டும் வெளியே எறிவதில்லை. அதிலுள்ள கசடையும் எறிந்து, கிராங்க் பின்னின் பாதையில் கெட்டியாக அப்பிவைக்கிறது.

பெரிய பம்பு போடுவது தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை, கொள்ளளவு கூடிய பம்புகள் கிடைக்கின்றன. ஆனால் அனுப்பும் பம்பைப் பெரிதாக்கினால் இறைக்கும் பம்பையும் பெரிதாக்க வேண்டும். மேலும், ரெட்டிச்சில் 1953 முதலும், பின்னர் நம் திருவொற்றியூரிலும் செய்த 500 சி.சி. புல்லட்டுகள் இதே கொள்கையில் அமைந்த உலக்கைப் பம்புகளோடுதான் ஓடின. ஆகவே முதல் குற்றவாளி பம்பு அன்று என்பதே என் தீர்ப்பு. உடைப்பை அடைக்காமல் மதகை அகலமாக்குவது பொதுப்பணித் துறைக்குக்கூடத் தோன்றாத யோசனை.

செய்ய வேண்டிய வேலைகள் சிறியவை, பொறுமை வேண்டியவை. கிராங்க்கை முழுவதும் பிரித்துப் பாதையைக் கம்பி விட்டுக் குடைந்து கழுவ வேண்டும். கிராங்க் பின் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். புல்லட்டின் புஷ் மிதக்கும் வகை. ராடிலும் ஒட்டாமல் பின்னிலும் ஒட்டாமல் நடுவில் தானும் சுழலும். உள்ளே ஒரு படலம், வெளியே ஒரு படலம். ஆகவே இரண்டு இடைவெளிகளையும் அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்து திருப்திப்படுகிறவர்கள் அதிகம். பம்பின் வட்டத்தகடுகள் டைமிங் கவரில் அமரும் முகத்தை மெல்லிய பசை போட்டுத் தேய்த்து, ஒளி புகாமல் பொருந்தச் செய்ய வேண்டும். அது பொருந்தாத வண்டியைப் பத்து நாள் நிறுத்திவைத்தால், டாங்கிலுள்ள எண்ணெய் பம்பின் வழியே தானே இறங்கிக் கிராங்க் கேஸில் நிற்கும். கிளப்பும்போது ஊரே மறையும்படி புகை வரும். ரிங் போயிற்று என்று எண்ணிக் கொண்டு சிலிண்டரைக் கழற்றுவார்கள்.

பிறகு அந்தத் தக்கை. ஒவ்வொரு முறை டைமிங் கவரைக் கழற்றும்போதும் புதியது போட வேண்டும். இப்போது ரப்பரில் செய்ததும் கிடைக்கிறது.

மிதக்கும் புஷ்ஷை எடுத்துவிட்டு உருளைத் தாங்கி போடுபவர்களும் உண்டு. உருளைகள் படலத்தில் மிதப்பதை நம்பியிருப்பதில்லை. உருண்டு போவதால் குறைந்த எண்ணெயிலும் பிழைக்கும். செலவு அதிகம். வேகமாக ஓட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கு அது நல்ல வழி.

கம்பெனியும் கடைசியில் பழைய ஏற்பாட்டைக் கைவிட்டது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்த பிறகு புதிய இன்ஜின்கள் வரையப்பட்டன. இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த இன்ஜின் 2008இல் தண்டர்பர்டு வண்டியில் வந்தது. அதற்கு ஹைட்ராலிக் டாப்பெட்டுகள். அவை எண்ணெயின் அழுத்தத்தாலேயே வேலை செய்பவை. அங்கே மானியின் அழுத்தத்துக்கு நேரடியான வேலை வந்துவிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வார்ப்பிரும்புச் சிலிண்டர் புல்லட் வரலாறாயிற்று.

ஆனால் செய்து விட்ட வண்டிகள் எங்கே போகும்? இந்தச் சாலையில் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார். ரெனால்ட்ஸ் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. மராமத்து முடிந்த புல்லட்டை அவர் உடனே கிளப்புவதில்லை. வடிகட்டி அறையை எண்ணெயால் நிரப்புகிறார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கிக்கரை மிதிக்கச் சொல்கிறார்; இருபது முறை, முப்பது முறை. வண்டிக்காரப் பையன் வியர்த்துப்போய், "போதுமா மாமா?" என்கிறான். "இன்னும் கொஞ்சம் மிதிடா தம்பி, அது கீழ போய்ச் சேரட்டும்" என்கிறார். அவருக்குத் திருப்தி வந்த பிறகே பிளக்கைப் பூட்டுகிறார்.